மாலை பேட்ச்சுக்கு எந்த முறையில் பாடம் நடத்தலாம்?

டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் சொல்லித்தரும் மாலை வகுப்பில் யார் யார் வந்து உட்காருகிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம். திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்துகொண்டு ஆபீஸ் வேலைக்கு மாற நினைக்கும் ஒருவர். பி.காம் முடித்து, கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மறுபடி வேலை தேடும் ஒரு பெண். அப்பாவின் ஹார்டுவேர் கடையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர். பத்தாவதோடு படிப்பை விட்டு, கீபோர்டைத் தொடவே தயங்கும் இன்னொருவர். இத்தனை பேருக்கும் ஒரே அறை, ஒரே இரண்டு மணி நேரம், மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய ஒரே பாடத்திட்டம்.

இவர்களுக்கு எப்படி நடத்துவது என்பதைப் பல மையங்கள் யோசித்து முடிவு செய்வதில்லை. முன்பு இருந்தவர் எப்படி நடத்தினாரோ அப்படியே போகிறது. கையில் இருக்கும் வழிகள் நான்கு. கரும்பலகையில் எழுதி நோட்ஸ் கொடுப்பது, ப்ரொஜெக்டரில் செய்துகாட்டி கூடவே செய்ய வைப்பது, நிஜமான பில் கட்டைக் கையில் கொடுத்துப் பதிவு போட வைப்பது, வீடியோவை வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொல்லி வகுப்பில் பயிற்சி மட்டும் செய்வது.

நான் இவற்றை எடை போடுவது நான்கு கேள்விகளை வைத்துத்தான். ஒரு வாரம் கழித்து எவ்வளவு மனதில் நிற்கிறது? இரண்டு நாள் வராதவர் மூன்றாம் நாள் வந்து சேர்ந்துகொள்ள முடிகிறதா? வேலையில் சேர்ந்த முதல் நாள் ஒரு பில்லை நீட்டினால் யாரையும் கேட்காமல் முடிவெடுக்க முடிகிறதா? எல்லாவற்றுக்கும் மேலே, அவர் மூன்றாவது மாதமும் வகுப்புக்கு வருகிறாரா?

கரும்பலகையும் நோட்ஸும்

இதைக் கேவலமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதினைந்து வருடம் கழித்து வகுப்பில் உட்காருபவருக்குப் பலகையைப் பார்த்து நோட்டில் எழுதுவது தெரிந்த வேலை, கை நடுங்காத வேலை. "உள்வருவதைப் பற்று செய், வெளிச்செல்வதை வரவு வை" என்பது போன்ற அடிப்படை விதிகளை யாராவது ஒருமுறை நிதானமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் மூன்று மாதம் போதாது.

ஆனால் இரண்டு மணி நேரமும் இதே என்றால் தாங்காது. காலை எட்டரைக்கு வேலைக்குப் போனவர் இரவு ஏழரைக்கு உட்கார்ந்து கேட்கிறார், கண் சொக்கும். 2014இல் அமெரிக்காவில் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் விரிவுரை மட்டும் கேட்டவர்களில் 33.8 சதவீதம் பேர் தேர்ச்சி பெறவில்லை. மாணவர்களே ஏதாவது செய்யும்படி நடத்திய வகுப்புகளில் அது 21.8 சதவீதம். அவை கல்லூரி வகுப்புகள், நம் மாலை பேட்ச் வேறு. இருந்தாலும் நாள் முழுக்க உழைத்துவிட்டு வருபவருக்கு உட்கார்ந்து கேட்பது இன்னும் கடினமாகத்தானே இருக்கும்?

நோட்ஸில் இன்னொரு சிக்கல், அது பழையதாகிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. பெரும்பாலான பொருட்கள் 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் வந்துவிட்டன. எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்று பக்கம் பக்கமாக எழுதி மனப்பாடம் செய்தவர்கள் அத்தனையையும் அழிக்க வேண்டியதாயிற்று. ஹெச்எஸ்என் எண்ணை (ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் உள்ள குறியீட்டு எண்) வைத்து விகிதத்தைத் தேடிப் பார்க்கப் பழகியவருக்கு அன்றைக்கும் வழக்கமான வேலைதான்.

ஆக, பலகைக்கு என் வகுப்பில் பதினைந்து, இருபது நிமிடம். அதற்கு மேல் கொடுப்பதில்லை.

செய்துகாட்டி, கூடவே செய்ய வைப்பது

பெரும்பாலான மையங்களில் நடப்பது இதுதான். "எஃப்8 அழுத்துங்க, பார்ட்டி பேரு போடுங்க, என்டர், என்டர்" என்று சொல்லச் சொல்ல எல்லோர் திரையிலும் ஒரே சேல்ஸ் வவுச்சர், அதாவது விற்பனைப் பதிவு, நிரம்புகிறது. யாரும் பின்தங்குவதில்லை. கீபோர்டைத் தொடப் பயந்தவரும் முதல் வாரமே பத்துப் பதிவு போட்டுவிடுகிறார். பயம் போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இதற்கு ஆய்வின் பலமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் 1980களிலிருந்தே இதைப் பற்றி எழுதியவர். ஒரு விஷயத்தைப் புதிதாகக் கற்பவரிடம் கணக்கைக் கொடுத்து முட்டி மோத விடுவதைவிட, முழுதாகச் செய்து முடித்த கணக்கைக் காட்டுவதே நன்றாகப் பலன் தருகிறது என்று இயற்கணித வகுப்புகளில் காட்டினார். புதியவரின் மனதில் ஒரே நேரத்தில் கொஞ்சம்தான் நிற்கும், திணறும் வேலையே அதையெல்லாம் தின்றுவிட்டால் கற்க இடமிருக்காது என்பது அவர் வாதம்.

அதே ஆராய்ச்சி வழியில் பின்னால் வந்த ஒரு முடிவைப் பலரும் கவனிப்பதில்லை. விஷயம் தெரிந்தவருக்கு இந்த வழிகாட்டலே சுமையாகிறது. பி.காம் படித்த பெண் மூன்றாம் நாளே ஜன்னலைப் பார்க்க ஆரம்பிப்பது அதனால்தான். திமிர் என்று நினைத்துவிடக் கூடாது, அவருக்குத் தெரிந்ததை நாம் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறோம்.

இதைவிடப் பெரிய குறை, விரல் கற்றுக்கொள்கிறது, முடிவெடுக்கும் வேலையைக் கடைசிவரை ஆசிரியரே செய்துவிடுகிறார். எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்5 பேமென்ட், எஃப்7 ஜர்னல் என்று ஒப்பிக்கிறவரிடம், "டெம்போவுக்கு டீசல் போட்ட பில் இது, எதில் போடுவீங்க?" என்று கேட்டால் நம் முகத்தைப் பார்க்கிறார். 2020 கடைசியில் டேலி ப்ரைம் என்ற புதிய பதிப்பு வந்து, பழைய பதிப்பான ஈஆர்பி 9இன் மெனுக்கள் இடம் மாறியபோதும் இதே கதைதான். பாதையை மனப்பாடம் செய்திருந்தவர்கள் தடுமாறினார்கள், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

எனவே இந்த முறையை விடவும் கூடாது, இதிலேயே நின்றுவிடவும் கூடாது. முதல் பில்லை முழுதாகச் செய்துகாட்டுங்கள். இரண்டாவதில் கடைசிப் படியைச் சொல்லாமல் நிறுத்துங்கள். மூன்றாவதில் எந்த வவுச்சர் என்பதை அவர்களே சொல்லட்டும். நான்காவது பில்லைக் கொடுத்துவிட்டு நீங்கள் அறையின் பின்பக்கம் போய் நின்றுவிடுங்கள். பலர் முதல் படியைச் செய்துவிட்டு நான்காவதைச் செய்வதே இல்லை.

நிஜ பில் கட்டு

நான் அதிகம் நம்புவது இந்த முறையைத்தான்.

ஒரு கட்டில் முப்பது பில் இருக்கட்டும். உள்ளூர் நூல் கடை பில் சில, சூரத்திலிருந்து துணி வாங்கியது ஒன்று, டையிங் ஜாப்வொர்க் பில் (வெளியில் சாயம் போட்டு வாங்கிய கூலி), கொரியர் ரசீது, மின் கட்டணம், டீசல் பில், ஜிஎஸ்டி எண்ணே இல்லாத கையெழுத்து ரசீது ஒன்று, மார்ச் தேதி போட்டு ஏப்ரலில் கைக்கு வந்த பில் ஒன்று, ஒரே பில்லின் இரண்டு நகல். பாடப்புத்தகக் கணக்கில் இந்தக் கடைசி நான்கும் வரவே வராது. வேலையில் முதல் வாரமே வரும்.

சூரத் பில் ஒன்றே ஒரு மாலைக்குப் போதும். வரி மொத்தமும் ஐஜிஎஸ்டி என்று ஒரே தொகையாக இருக்கிறது. முந்தைய பில்களில் எல்லாம் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. ஏன் என்று நான் சொல்வதில்லை. "ரெண்டு பில்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஜிஎஸ்டி நம்பரைப் பாருங்க" என்கிறேன். பதினைந்து இலக்கத்தில் முதல் இரண்டு, ஒன்றில் 33, இன்னொன்றில் 24. கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஹார்டுவேர் கடைக்காரர் சொல்கிறார்: "மேடம், எங்க கடைக்குக் கோயம்புத்தூர்ல இருந்து வர்றது எல்லாமே 33. பெங்களூர் பார்ட்டிக்கு 29. இது ஸ்டேட் நம்பரா?" அதற்குப் பிறகு வெளிமாநிலச் சரக்குக்கு ஏன் ஐஜிஎஸ்டி என்பதை விளக்க இரண்டு நிமிடம் போதும். அவர் அதை மறப்பதில்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே அவர் கடையில் இருந்த விஷயம். பெயர்தான் இப்போது கிடைத்திருக்கிறது.

டீசல் பில், மின் கட்டணம் இரண்டிலும் ஜிஎஸ்டி வரியே இல்லாததைப் பார்த்துவிட்டு, "பில் போட்டவங்க விட்டுட்டாங்களா?" என்று கேட்பார்கள். டீசல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, மாநில வாட் வரியில்தான் இருக்கிறது, மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்று அங்கேயே சொல்லும்போது, உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது, எதற்கு எடுக்கலாம், எதற்கு எடுக்க முடியாது என்ற பாடமும் பாதி முடிந்துவிடுகிறது.

பெரியவர்களின் கல்வி பற்றி எழுதியவர்களில் அமெரிக்காவின் மால்கம் நோல்ஸ் முக்கியமானவர். 1970களில் அவர் வலியுறுத்தியது இதைத்தான்: பெரியவர்கள் வெறும் கையோடு வகுப்புக்கு வருவதில்லை, அனுபவத்தோடு வருகிறார்கள். எதற்காகப் படிக்கிறோம் என்பது தெரிந்தால்தான் படிப்பார்கள். பாடத்தலைப்பைவிடத் தீர்க்க வேண்டிய சிக்கலே அவர்களை இழுக்கும். பில் கட்டு இந்த மூன்றையும் ஒரே மேசையில் கொண்டுவந்து வைக்கிறது.

சிரமமும் இருக்கிறது. முதல் நாளே கட்டைக் கையில் கொடுத்தால் கீபோர்டுக்குப் பயந்தவர் அடுத்த நாள் வரமாட்டார். பாடத்திட்டம் மெதுவாக நகரும். பேரோல் (சம்பளக் கணக்கு), ஸ்டாக் குரூப் (சரக்கு வகைப்பாடு) எல்லாவற்றையும் தொட முடியாமல் போகலாம். ஆசிரியருக்கு மென்பொருள் மட்டும் தெரிந்தால் போதாது, கணக்கும் தெரிய வேண்டும், எதிர்பாராத கேள்விக்கு "பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லும் துணிவும் வேண்டும். மாணவர்களை வேலை செய்யும் இடத்து பில்லை எடுத்து வரச் சொல்லவே கூடாது. அது முதலாளியின் கணக்கு, எடுத்து வந்தவரின் வேலைக்கே ஆபத்தாகும். சொந்தக் கடை வைத்திருப்பவர் விரும்பிக் கொடுத்தால் பெயரையும் எண்ணையும் மறைத்து, மாநிலக் குறியீடான முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் விட்டு நகல் எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் நாமே தயாரிப்பதுதான் நல்லது. ஒருமுறை உழைத்தால் பல பேட்ச்சுக்கு வரும், வரி விகிதம் மாறும்போது மட்டும் திருத்தினால் போதும்.

இன்னொரு எதிர்ப்பு மாணவர்களிடமிருந்தே வரும்: "காசு கட்டிச் சேர்ந்திருக்கோம், நீங்க நடத்தவே மாட்டேங்கறீங்களே?" இதைப் பொருட்படுத்தாமல் விடக் கூடாது. 2019இல் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் லூயி டெலோரியே குழுவினர் செய்த ஆய்வில், தாங்களே செய்து கற்றவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் எது நன்றாகப் புரிந்தது என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். தெளிவான விளக்கத்தைக் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், தானே செய்யும்போது தடுமாற்றம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஹார்வர்டு மாணவர்களுக்கே அப்படி என்றால், தனக்குப் படிப்பு வராது என்று வருடக்கணக்காக நம்பிக்கொண்டிருப்பவருக்கு அந்தத் தடுமாற்றம் எப்படி இருக்கும்? அதனால் பில் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: இன்றைக்குத் திணறும், திணறுவதுதான் பாடம், அடுத்த வாரம் இதே பில் சுலபமாக இருக்கும். சொன்னபடி அடுத்த வாரம் அதே பில்லைத் திரும்பக் கொடுத்துக் காட்டவும் வேண்டும். மாறியதைத் தன் கண்ணால் பார்ப்பதைவிடப் பெரிய ஊக்கம் இந்த வகுப்பில் வேறெதுவும் இல்லை.

வீட்டில் வீடியோ

காகிதத்தில் பார்த்தால் இது அழகான திட்டம். விளக்கம் வீட்டில், பயிற்சி வகுப்பில். டேட்டா மலிவு, எல்லோரிடமும் போன் இருக்கிறது.

மாலை பேட்ச்சில் இது நிற்காது. வகுப்பு முடிந்து எட்டரைக்குப் பஸ் ஏறும் பெண்ணுக்கு வீட்டில் இரவுச் சமையலும், பிள்ளையின் வீட்டுப்பாடமும், மறுநாளுக்கு மாவு அரைப்பதும் காத்திருக்கின்றன. ஓவர்டைம் பார்ப்பவருக்கு ஞாயிறுதான் தூக்கம். பார்த்துவிட்டு வந்தவர்கள் பாதி, பார்க்காமல் வந்தவர்கள் பாதி என்று வகுப்பு இரண்டாகப் பிரியும். பார்க்காமல் வந்தவர் வெட்கப்பட்டு மறுநாள் வராமலே போவார். பெரியவர்களிடம் வீட்டு நேரத்தைக் கேட்கும் எந்த முறையும் வசதி உள்ளவருக்கே சாதகமாகிவிடுகிறது, எனக்கு அது வருத்தம் தரும் விஷயம்.

ஆனால் வராதவர்களுக்கு வீடியோ ஒரு பெரிய உதவி. மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்) பதினொன்றாம் தேதிக்குள், ஜிஎஸ்டிஆர்-3பி (மாத வரிச் சுருக்கப் படிவம்) இருபதாம் தேதிக்குள். ஆடிட்டர் ஆபீசிலோ கம்பெனி அக்கவுன்ட்ஸ் பிரிவிலோ உதவியாளராக இருப்பவர்கள் அந்த நாட்களில் வகுப்புக்கு வர முடியாது. அவர்களைக் கோபித்துப் பயனில்லை. அந்த வாரங்களில் புதுப் பாடத்தை ஆரம்பிக்காமல் பழைய பில்களையே செய்ய வைக்கலாம். ஒரு வீடியோவில் ஒரே விஷயம், ஏழு நிமிடத்துக்குள், நம் சொந்தக் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், பஸ்ஸில் வரும்போதே பார்த்துவிட்டு வந்து சேர்ந்துகொள்வார்கள்.

எந்த முறையிலும் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று கேள்வி. பெயர் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், நோட்டைப் பார்க்கக் கூடாது. போன வாரம் பார்த்த மூன்று விஷயங்கள், அவ்வளவுதான். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள் 56 சதவீதம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். வீட்டில் படிக்க நேரமில்லாதவர்களுக்கு இந்த ஐந்து நிமிடம்தான் வீட்டுப்படிப்பு. பெயர் எழுதச் சொன்னால் மட்டும் காரியம் கெட்டுவிடும். நாற்பது வயதுக்காரருக்கு இருபத்திரண்டு வயதுப் பையன் முன்னால் தப்புச் செய்வது சாதாரண விஷயம் இல்லை.

அடுத்தது ஜோடி. பி.காம் படித்தவரையும் கடைக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்தால் ஒருவருக்குப் பற்று வரவு தெரியும், இன்னொருவருக்கு எந்தச் சரக்கு கடனுக்கு வரும், எத்தனை நாள் தவணை, எந்த பில்லை நம்பலாம் என்பது தெரியும். விதி ஒன்றே ஒன்று, தெரிந்தவர் மவுஸைத் தொடக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் இருவரும் தனித்தனியாகத் தங்கள் பதிலை எழுதிவிட வேண்டும். இதை 1990களில் ஹார்வர்டின் எரிக் மசூர் தன் இயற்பியல் வகுப்பில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தனியாக முடிவெடுக்காமல் நேரே பேச ஆரம்பித்தால் சத்தமாகப் பேசுபவரின் பதிலே இருவரின் பதிலாகிவிடும்.

பாடமுறைக்கு வெளியே இருப்பதையும் சொல்ல வேண்டும், சில சமயம் அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் இரண்டாண்டுக் கல்லூரி மாணவர்களுக்காக ஏஎஸ்ஏபி என்ற திட்டத்தைத் தொடங்கியது. பஸ், ரயில் அட்டை, புத்தகச் செலவு, அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர் என்று பாடத்தைச் சுற்றியுள்ள தடைகளை எடுத்தார்கள். மூன்று ஆண்டில் பட்டம் முடித்தவர்கள் 40 சதவீதம், திட்டத்தில் இல்லாத அதே மாதிரி மாணவர்களில் 22 சதவீதம். அந்த அளவுக்கு நம்மிடம் பணம் இல்லை. ஆனால் கடைசி பஸ்ஸுக்கு ஏற்ப வகுப்பைப் பத்து நிமிடம் முன்னால் முடிக்கலாம். கட்டணத்தை மாதாமாதம் வாங்கலாம். வராத அன்றே, "என்னாச்சுங்க, உடம்பு சரியில்லையா?" என்று ஒரு போன் செய்யலாம். ஒரு வாரம் கழித்துச் செய்தால் அவர் ஏற்கெனவே நின்றுவிட்டிருப்பார்.

என் தேர்வு

கலவையான மாலை பேட்ச் என்றால், முதல் இரண்டு வாரம் செய்துகாட்டும் முறை. கீபோர்டு பயம் போகட்டும், நாலைந்து வகை வவுச்சர் கைக்குப் பழகட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து பில் கட்டு, ஜோடியாக. அன்றன்று தேவைப்படும் விதியை மட்டும் பலகையில். வீடியோ வராதவர்களுக்கு. கடைசி மூன்று வாரம் ஒவ்வொருவரும் ஒரு மாதக் கணக்கைத் தனியாக முடித்து, ஜிஎஸ்டிஆர்-1இல் போக வேண்டிய விற்பனைப் பட்டியல்வரை தயாரிக்க வேண்டும். பாடத்திட்டத்தில் இரண்டு தலைப்பு விட்டுப்போனாலும் எனக்குச் சம்மதம். பேரோல் தெரியாமல் வேலைக்குப் போனவர் அங்கே கற்றுக்கொள்வார், பில்லைப் பார்த்து முடிவெடுக்கத் தெரியாதவரை ஒரு மாதம்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

பேட்ச்சில் பெரும்பாலோர் ஏற்கெனவே அக்கவுன்ட்ஸில் இருப்பவர்கள் என்றால் செய்துகாட்டும் இரண்டு வாரத்தை இரண்டு நாளாகக் குறைத்து, நேரே பில் கட்டுக்குப் போய்விடுங்கள். எல்லோருமே கணினிக்குப் புதியவர்கள் என்றால் அதை ஒரு மாதமாக நீட்டுங்கள், பில் கட்டில் முப்பதுக்குப் பதில் பத்து பில் வையுங்கள். மையத்தில் ஒரே ஆசிரியர், கட்டுத் தயாரிக்கவும் நேரமில்லை என்ற நிலையில், சூரத் பில், டீசல் பில், ஜிஎஸ்டி எண் இல்லாத ரசீது இந்த மூன்றையாவது தயாரித்து நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம்.